நடுவில் புதைத்த குப்பி

“இது நோஞ்சான் மருந்தும்மா, தனியா உடம்புக்குள்ள போனா செத்துரும். அதான் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புச் சட்டை போட்டுவிட்டிருக்கோம். சூடு மட்டும் படவே கூடாது” என்று சொல்லித்தான், கண்ணுகளா, பெரிய ஆஸ்பத்திரியில் அந்தக் குப்பியை லூர்தம்மாளிடம் கொடுத்தார்கள். மகன் கிளமென்ட் பிழைக்க அது ஒன்றுதான் வழி, இன்னொன்று கிடைக்காது. முப்பது வருஷம் மீன் விற்றவளுக்கு ஐஸ் வைக்கத் தெரியாதா? பெட்டியில் ஐஸை நொறுக்கிக் கொட்டி, குளிர் இன்னும் ஏறட்டும் என்று இரண்டு கை கல்லுப்பும் தூவி, நடுவில் குப்பியைப் புதைத்து, ஆறு மணி நேரம் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தாள். ஊர் ஆஸ்பத்திரி நர்ஸ் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே மருந்து கல்லாக உறைந்திருந்தது. “உப்பு போட்டீங்களாக்கா?” “போட்டேன்மா. சூடு அண்டவே இல்ல.” “உறைஞ்சாலும் அந்தச் சட்டை கிழிஞ்சிருமேக்கா” என்றாள் நர்ஸ், மெதுவாக. உள்ளறையிலிருந்து கிளமென்ட் குரல் கொடுத்தான்: “கைய நீட்டிட்டுப் படுத்திருக்கேன் சிஸ்டர். எங்கம்மா ஐஸ் வச்சா செத்த மீனும் முழிச்சுப் பாக்கும், பயப்படாம ஊசியப் போடுங்க.” லூர்தம்மாள் குப்பியைத் திரும்ப வாங்கி, இரண்டு உள்ளங்கைகளுக்குள்ளும் பொத்தி, அதன்மேல் தன் மூச்சை ஊதத் தொடங்கினாள்.