ஓங்கிய கை

உள்நாட்டிலேயே செய்த துப்பாக்கி அது. அதைப் பட்டாளத்தில் வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்று பேசுவதற்காகக் கூடியிருந்தவர்களின் நடுவே, மேசைமேல், தூங்கும் பூனையைப்போல் கிடந்தது. குளிர் கண்டால் அதற்குள் தோட்டா சிக்கிக்கொள்ளும். கையை ஓங்கிப் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் சரியாகிவிடும் என்பது பட்டாளத்தில் சேர்ந்த அன்றே எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

"தட்டிக்கிட்டு இருக்கும்போதே எத்தனை பிள்ளைங்களைப் பறிகொடுத்துட்டோம்!" என்றார் குழுத்தலைவி மங்களாம்பிகை. "கர்னல் சார், உங்களுக்கு எப்பவாவது சிக்கியிருக்கா?"

"ஒரே ஒரு தடவைம்மா," என்றார் கர்னல் தேவசகாயம்.

"அப்புறம்?"

"ஒண்ணும் ஆகல."

மின்விசிறிக்குக் கீழே, அவர் கண்ணுக்கு மட்டும், மெல்லப் பனி விழத் தொடங்கியது. ஆற்றுக்கு அக்கரையில் எதிரிப் பட்டாளத்துக்காரன் ஒருவன் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான். தேவசகாயம் விசையை அழுத்தினார். வெடிக்கவில்லை. தட்டுவதற்காகக் கையை ஓங்கினார். அந்த நேரம் பார்த்து அவன் நிமிர்ந்தான். யாரோ தனக்கு வணக்கம் சொல்வதாக நினைத்துக்கொண்டானோ என்னவோ, ஈரக் கையை உயர்த்திச் சிரித்தான்.

"சரி, மாத்தணும்னு சொல்றவங்க கை தூக்குங்க."

எல்லாக் கைகளும் உயர்ந்தன, தேவசகாயத்தின் கையும்தான். எண்ணி முடித்ததும் ஒவ்வொன்றாக இறங்கின.

"எண்ணியாச்சு, கர்னல் சார். கையை இறக்குங்க."

அவருக்குக் கேட்டது. ஆனால் அக்கரையில் அவன் இன்னும் கையை இறக்கவில்லை.