எதிர்த்துக் கை தூக்கியவர்

கம்பளையில் பஸ்ஸை விட்டு இறங்கிய மஸாஹிரா, திவாகரன் வீட்டு வாசல்வரை கோபத்தோடுதான் நடந்தாள்.

"வாங்க மிஸ், உட்காருங்க." திவாகரனின் மனைவி சுதர்சினி கதிரையை இழுத்துப் போட்டாள்.

மஸாஹிரா உட்காரவில்லை.

"திவாகரன், ஒண்ணு மட்டும் செல்லுங்க. பதக்கக் குழுவுல எனக்கு எதிரா கை தூக்கினது நீங்களா?"

"ஆமா, நான்தான்."

மறுப்பார் என்றுதான் அவள் நினைத்து வந்திருந்தாள். இருவரும் பல வருஷமாக ஒரே பல்கலைக்கழகத்தில், அடுத்தடுத்த அறைகளில் விண்ணியல் படிப்பிப்பவர்கள்.

தூரத்து நட்சத்திரம் ஒன்று விட்டுவிட்டு மங்குவதை வைத்து, அதைச் சுற்றும் புதிய கோளை அவள் கண்டுபிடித்திருந்தாள். விண்ணியல் சங்கத்தின் பதக்கம் இந்த முறை அவளுக்குத்தான் என்று பேச்சு. கிடைத்தால், ஒரு சிறுகோளுக்கு அவள் பெயரை வைக்கவும் சங்கம் சிபாரிசு செய்யும். அதை வாப்பா திகன டவுன் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஆனால் குழுவில் ஒருவர் மறுத்தாலும் பதக்கம் இல்லை.

"மத்த எல்லாரும் சரி சென்னாங்க. பக்கத்துலயே ஈக்கிற உங்களுக்கு மட்டும் பொறுக்கல்ல. வாப்பா கடைக்குப் போகவே வெக்கப்படுறார். இனி என்ட மூஞ்சில முழிக்காதீங்க."

சுதர்சினி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். திவாகரன் கண்ணாலேயே தடுத்தார்.

"அந்த நட்சத்திரம் மங்கினது கோள் குறுக்க போனதால இல்லீங்க. அதுக்குப் பின்னால ரெண்டு நட்சத்திரம் ஒண்ணை ஒண்ணு மறைக்குது. அந்த வெளிச்சம் கலந்து உங்களை ஏமாத்திருச்சு. நீங்க சொன்னதுதான் சரியா இருக்கணும்னு நானும் திரும்பத் திரும்பப் பார்த்தேன்."

மஸாஹிரா மெல்லக் கதிரையில் உட்கார்ந்தாள். எந்த இடத்தில் அவசரப்பட்டோம் என்பது அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

"முன்னாலயே என்கிட்ட செல்லியிருக்கலாமே?"

"குழு கலையிற வரைக்கும் உங்ககிட்ட பேசக்கூடாது. இன்னைக்குக் காலையிலதான் கலைஞ்சது. பதக்கத்தைக் கழுத்துல போட்ட பிறகு வெளிநாட்டுல எவனாவது இந்தத் தப்பைக் கண்டுபிடிச்சா என்ன ஆகும்? இப்ப நீங்களாவே உங்க கட்டுரையைத் திருத்தி எழுதிருங்க. வேற யாருக்கும் தெரியாது."

"குழுவுல காரணம் கேட்டிருப்பாங்களே?"

"கேட்டாங்க" என்றார் திவாகரன். "உங்க மேல பொறாமைன்னு சொன்னேன். உடனே நம்பிட்டாங்க."