எக்ஸ்பி போட்ட மறுநாள்

"பூவராகவா, பாஷ்யம் பேசறேன். நீ அனுப்பிச்சியே ஒரு பையன், சிட்டிபாபுன்னு, அவன் என் கம்ப்யூட்டரைக் கெடுத்து வெச்சுட்டுப் போயிட்டான்."

காந்தி ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பூவராகவன் ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். சின்ன காஞ்சிபுரத்திலிருந்து போனே இல்லாமல் பேசியிருந்தாலும் கேட்டிருக்கும்.

"என்ன ஆச்சு சார்?"

"சனிக்கிழமை வந்து பழைய விண்டோஸை எடுத்துட்டு எக்ஸ்பி போட்டான். மறுநாள் ஸ்விட்சைப் போட்டா ஸ்க்ரீன்ல ஒண்ணும் வரலை, ஒரே இருட்டு. கருட சேவை மலருக்கு எழுதின கட்டுரை அதுக்குள்ளேதான் இருக்கு. நாளைக்குக் கொடுத்தாகணும்."

"உடனே அனுப்பறேன் சார்."

"காலனிப் பையன்னு தெரிஞ்சும் பெருமாளுக்குப் பூஜை பண்ற உள்ளுக்குப் பக்கத்து ரூம்ல உட்கார வெச்சு, காபி கொடுத்து வேலை வாங்கினவன் நான். இந்தத் தெருவுல வேற யார் ஆத்துல நடக்கும் சொல்லு? அதுக்கு இதுதான் மரியாதையா?"

பூவராகவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பெரிய மனசுள்ள மனிதர். அவருக்குப் போய் இப்படி ஆகலாமா?

சிட்டிபாபுவைக் கூப்பிட்டார்.

"அண்ணா, நான் கெளம்பறப்ப நல்லாத்தான் ஓடிக்கினு இருந்துச்சு. சாரே ஒக்காந்து டைப் அடிச்சுப் பார்த்தாரு."

"அப்புறம் எப்படிப்பா படம் போகும்? ஏற்கெனவே உன் பேர்ல கம்ப்ளைன்ட் இருக்கு. சரி பண்ணிட்டு வா. இல்லேன்னா நாளையிலேர்ந்து கடைக்கு வராதே."

சிட்டிபாபு சைக்கிளை மிதித்தான். மனைவி மேரி மாசமாக இருக்கிறாள். இந்த நேரத்தில் வேலை போனால் என்ன செய்வது? பழைய டிஸ்ப்ளே கார்டு எக்ஸ்பியோடு ஒத்துப்போகவில்லையோ, தான்தான் அவசரத்தில் எதையாவது விட்டுவிட்டோமோ என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு போனான்.

பாஷ்யம் வாசலிலேயே நின்றிருந்தார்.

"வாப்பா. உள்ளேயே போ. நான் அதெல்லாம் பார்க்கறவன் இல்லைன்னு உனக்கே தெரியும். ஆனா வேலையில சுத்தம் வேணும்."

அறை வாசற்படியில் அவர் மனைவி அம்ருதவல்லி நின்றாள்.

"கண்டதையும் தொடாதேப்பா. ஷாக் அடிச்சுடப் போறது."

நம் மேல் கோபம் இருந்தாலும் மாமிக்கு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டான் சிட்டிபாபு.

மானிட்டரில் ஆரஞ்சு விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரிந்தது. மானிட்டருக்கு உயிர் இருக்கிறது. பெட்டியிலிருந்து படம்தான் அதற்கு வந்து சேரவில்லை.

"எல்லாம் அந்த எக்ஸ்பியால வந்த வினைதானே?" என்றார் பாஷ்யம்.

"பார்க்கணும் சார்."

"இன்னும் என்னத்தப் பார்க்கறது? தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லணும். தெரியாத வேலையில கை வைக்கப்படாது."

சிட்டிபாபு சனிக்கிழமை போலவே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பெட்டியைத் தன் பக்கம் திருப்பினான். பின்னால் மானிட்டர் ஒயரின் திருகுகளைக் கழற்றி ப்ளக்கை உருவினான். சனிக்கிழமை பளபளவென்றிருந்த ஊசிகள் பச்சை பூத்துக் கிடந்தன.

ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தான். துணியைப் பார்த்தான். மூக்குக்கிட்டே கொண்டுபோனான். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"என்னப்பா, தூங்கிட்டியா?"

"இல்ல சார். கண்டுபிடிச்சிட்டேன்."

ஊசிகளைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்து, காயவிட்டு, ஒயரைத் திரும்ப மாட்டினான். ஸ்விட்சைப் போட்டான். திரை வெளுத்தது, படம் வந்தது. பாஷ்யம் அவசரமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கட்டுரையைத் திறந்தார். ஓர் எழுத்துகூடக் குறையவில்லை. 'பெருமாள் வீதிக்கு எழுந்தருளுவதே, பேதமில்லாமல் அத்தனை பேருக்கும் காட்சி தரத்தான்' என்று முதல் வரியிலேயே அழகாக எழுதியிருந்தார்.

கட்டுரை பிழைத்ததும் கோபம் போயிருக்க வேண்டும். போகவில்லை.

"ஆக, கோளாறு உன்னாலதான்?"

சிட்டிபாபு ஸ்பிரிட் பாட்டிலை மூடினான்.

"நான் சொன்னா கம்ப்ளைன்ட் ஆயிடும். நீயே பூவராகவன்கிட்ட சொல்லிடு. தப்பை ஒத்துக்கறதுல ஒண்ணும் குறைஞ்சு போயிடாது."

நம்பரைச் சுழற்றி, மணி அடித்ததும் ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டு நகர்ந்து நின்றார். சிட்டிபாபு எடுத்துக் காதில் வைத்தான்.

"அண்ணா, சிட்டிபாபு. கம்ப்யூட்டர் சரியாயிடுச்சு. எக்ஸ்பில ஒண்ணும் இல்லண்ணா. என்னாலதான். நான் வந்துட்டுப் போனதாலதான் கெட்டுப்போச்சு."

பாஷ்யம் திருப்தியாகத் தலையை ஆட்டினார். ஒத்துக்கொள்கிற குணமாவது பையனுக்கு இருக்கிறது.

சிட்டிபாபு ரிசீவரை வைக்கவில்லை. கையில் பிடித்தபடியே வாசற்படிப் பக்கம் திரும்பினான்.

"மாமி, இன்னிக்கி நான் போனப்புறம் மஞ்சத்தண்ணி தெளிக்கறப்ப, இது மேல ஒரு துணி போட்டு மூடிடுங்க. பின்னாடி ஒயர்ல எறங்கிடுது."