நாலாவது கட்டம்

"சார், இந்த அட்டையில நீங்க டிக் அடிச்சதெல்லாம் நெசந்தானா?"

வகுப்பு வாசலில் நின்று தவசி கேட்டதும் ஆசிரியர் தமிழ்மாறன் நாற்காலியை விட்டு எழுந்தார். தவசி பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். ஐந்தாம் வகுப்பு முனீஸ்வரியின் அப்பா. பிள்ளைகள் எல்லாம் சாப்பிடப் போயிருந்தார்கள்.

அது மார்க் அட்டை அல்ல, ரூப்ரிக்ஸ் அட்டை. வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று ஒவ்வொன்றுக்கும் நாலு கட்டம். முதல் கட்டம் 'இன்னும் முயற்சி தேவை', நாலாவது 'மிக நன்று'. ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் டிக் அடிக்க வேண்டும். தமிழ்மாறன் என்ன செய்தார்? அட்டை கொடுக்க வேண்டிய கடைசி நாள் சாயங்காலம், வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் நாற்பத்திரண்டு அட்டைக்கும் நாலாவது கட்டத்திலேயே டிக் அடித்துத் தள்ளிவிட்டார். நல்லதாகப் போட்டால் எவன் சண்டைக்கு வரப் போகிறான் என்ற தைரியம்தான்! ஜூனில்தான் மாற்றலாகி வந்தவர். முனீஸ்வரி எந்த பெஞ்சு என்றுகூட இப்போது நினைவுக்கு வரவில்லை. வெட்கக்கேடு.

"நெசந்தாண்ணே. அதுல என்ன சந்தேகம்?"

"மத்ததெல்லாம் கெடக்கட்டும் சார். இந்தப் பேசுதல்ங்கிற வரிய மட்டும் படிங்க. பக்கத்து வீட்டுப் பிள்ள படிச்சுச் சொல்லுச்சு, எனக்கு நம்பிக்க வரல. ஒங்க வாயால கேக்கணும்."

தமிழ்மாறன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "'வகுப்பின் முன் தயக்கமின்றித் தெளிவாகப் பேசுகிறார்.'"

"எம்மகளா?"

மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிடலாமா? பக்கத்து அறையில் தலைமையாசிரியர் இருக்கிறாரே! பாழாய்ப்போன நாக்கு முந்திக்கொண்டது.

"கணீர்னு பேசுவாண்ணே! போன வாரம்கூடத் தண்ணிய சேமிக்கிறதப் பத்தி அஞ்சு நிமிசம் பேசுனா. பிள்ளைக அம்புட்டும் கை தட்டுச்சுக."

சொல்லும்போதே காது சூடேறியது. இருபது வருசமாக வாத்தியார் என்று பெயர், வாயைத் திறந்தால் புளுகு! தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. இனி தவசி அவளைக் கூப்பிட்டுப் பேச வைக்கச் சொல்வார், ஊர் முன்னால் மானம் போகும் என்று பயந்துகொண்டே நின்றார்.

தவசி சண்டை போடவில்லை. தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் தமிழ்மாறனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் வந்தது அவளுக்குத் தெரிய வேணாம் சார். சன்னலுக்கு அந்தப்பக்கம் ஒளிஞ்சு நிக்கிறேன், எம்புட்டு நேரமானாலும் நிக்கிறேன். அவளக் கொஞ்சம் பேச விடுங்க. போன பங்குனியில அவ ஆத்தா செத்த அன்னைலருந்து வீட்டுல ஒத்த வார்த்த பேசல சார்... இங்கயாச்சும் பேசுறாளே!"