கண்ணுக்குத் தெரியாத பூச்சு

நகை அறுக்கிற மெல்லிய ரம்பத்தால் நிவேஸ் அந்தச் சின்னத் தகட்டை அறுத்துக்கொண்டிருந்தாள். பட்டறைக்குள் நுழைந்த, அவளோடு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிற டாரியோ கையிலிருந்த காபியைச் சட்டையிலேயே கொட்டிக்கொண்டான்.

"அடிப்பாவி! நாளைக்குச் சோதனை. அந்தத் தகட்டு ஓட்டை வழியாத்தானே பூச்சு போடணும்?"

"ஆமா. அதான் அறுக்கறேன்."

"வட்டமா இருந்ததை இப்படிக் குதறி வச்சிருக்கே! பூச்சு கன்னாபின்னான்னு விழும். ஃபுல்வியோ மேல கோவம்னா அவர் கார் டயரைக் கிழி. இதை விட்டுடு."

நிவேஸ் ரம்பத்தை நிறுத்தவில்லை. வெளிச்சம் பட்டதும் எலக்ட்ரானைக் கொட்டுகிற அந்தப் பூச்சுக்குப் பக்குவம் கண்டுபிடித்தவளே அவள்தான். பேராசிரியர் ஃபுல்வியோ கட்டுரையிலிருந்து அவள் பெயரை மட்டும் எடுத்துவிட்டார். கேட்கப் போனபோது, "நீ பாத்திரம் கழுவினே, அவ்வளவுதானே?" என்று எல்லார் முன்னாலும் சிரித்தார். இந்த மாதத்தோடு வேலையும் போகிறது.

"பயப்படாதேடா. பூச்சு எங்கே இருக்கோ, அங்கேருந்து எலக்ட்ரான் வந்தே தீரும். நான் பெத்த பிள்ளை மாதிரி அது. நானே கெடுப்பேனா?"

மறுநாள் காலை ஜெர்மனியில் ஒரு பெரிய ஆய்வுக்கூடத்திலிருந்து ஹெட்விக் அம்மையார் வந்திறங்கினார். சோதனை பிடித்துவிட்டால் அவர்களுடைய புது இயந்திரத்துக்கு இந்தப் பூச்சுதான்.

பூச்சு போட்ட உலோகத் துண்டைக் கண்ணாடி ஜன்னல் வழியாகக் காட்டினார் ஃபுல்வியோ. அத்தனை மெல்லிய பூச்சு வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனாலும் அவர் ரசித்துத் தலையாட்டினார்.

"என்ன அழகா படிஞ்சிருக்கு பாருங்க! முழுக்க முழுக்க என் கைவேலை, மேடம். வேற யாருக்கும் இதுல பங்கில்லை."

பிறகு நிவேஸ் பக்கம் திரும்பினார். "என்ன பொண்ணே, தூங்கறியா? வெளிச்சத்தை நல்லா விரிச்சுப் போடு. மேடம் முழுசா பாக்கட்டும்."

போட்டாள். எலக்ட்ரான்கள் போய் விழுகிற திரையில் பச்சையாக ஏதோ மின்னியது. வட்டமாக இல்லை, கோணல்மாணலாக, தலைகீழாக ஒரு கிறுக்கல்.

ஃபுல்வியோவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "என்ன கண்றாவி இது? எலக்ட்ரானைத் திருப்பற காந்தத்தைத் திருகு! நேராக்கு!"

"நீங்க சொன்னா சரி, புரொபசர்."

நிவேஸ் திருகினாள். கிறுக்கல் மெல்லச் சுழன்று, நிமிர்ந்து, பளிச்சென்று நின்றது. டாரியோ வாயைப் பொத்திக்கொண்டான்.

ஹெட்விக் அம்மையார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தார்.

"யாரு புரொபசர், இந்த நிவேஸ்?"