அண்ணாந்து குடித்த தண்ணீர்

பழனிவேலுவின் தலைக்குள் மூளையின் இடது பாதியும் வலது பாதியும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தன. வலது கையை ஆட்டிவைப்பது இடது பாதி. "அது என் கை. நீ இடது கையைப் பாத்துக்கோ" என்று ஐம்பது வருடமாகச் சொல்லி வந்தது.

ஒருநாள் ரத்தக்குழாய் அடைத்து, இடது பாதியின் ஓர் ஓரம் செயலிழந்தது. வலது கை மரக்கட்டையாகக் கிடந்தது. விரல்கள் அசையவே இரண்டு மாதம் ஆனது.

அதன்பின் ஒரு நாள் பழனிவேலு அந்தக் கையால் தண்ணீர்ச் செம்பை எடுத்தார்.

"வாய் வச்சுக் குடிங்களேன், யாரு பாக்கப் போறா?" என்றாள் மனைவி செண்பகம்.

அவர் தலையசைத்து மறுத்தார். எச்சில் படாமல் அண்ணாந்து குடித்தே பழகியவர்.

செம்பு பாதி வழியில் நடுங்கியது. சட்டை நனைந்தது.

"என்னால முடியல" என்றது இடது பாதி.

"இன்னும் கொஞ்சம் தூக்கிட்டு அப்புறம் சாய்" என்றது வலது பாதி.

"என் கை வேலை உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ தூக்கின ஒவ்வொரு தடவையும் நானும் கூடத்தான் தூக்கினேன். நீதான் திரும்பிப் பாக்கல. சரி, மறுபடி தூக்கு."

மூன்று முறை சட்டை நனைந்தது. நான்காவது முறை தண்ணீர் நேராகத் தொண்டைக்குள் இறங்கியது.

"யார் துணையும் இல்லாம ஒத்தைக் கையாலயே குடிச்சிட்டீங்க" என்றாள் செண்பகம்.

இடது பாதிக்கு என்னவோபோல் இருந்தது. "இவளுக்கு எப்படிச் சொல்றது?"

"அதை விடு" என்றது வலது பாதி. "செம்புல இன்னும் தண்ணி இருக்கு."