அப்பாவுக்கு ஒரு ஜோடிச் சொல்

அடுத்து தன் பெயரைத்தான் மைதிலி மிஸ் கூப்பிடப்போகிறார் என்று தெரிந்ததும் யமுனா ஒருமுறை தலைக்கு மேலே பார்த்தாள்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தங்கள் மிளகுத் தோட்டத்தில், சில்வர் ஓக் மரத்தடியில், செல்போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதே மரத்தின் மேலே அவள் அப்பா செங்கோடன் மிளகு பறித்துக்கொண்டிருந்தார். ஒற்றை மூங்கில் ஏணி, இடுப்பில் சாக்குப்பை, சட்டைப் பையில் இன்னொரு செல்போன். தரையில் எந்தப் போனுக்கும் சிக்னல் எட்டாது. மரத்து உச்சியில் எட்டும். அப்பாவின் போனிலிருந்து மகளின் போனுக்கு ஹாட்ஸ்பாட். வாழவந்தி நாட்டு மலையில் இருந்துகொண்டு மத்தியப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குப் படிப்பதென்றால் யாராவது ஒருவர் மரமேறத்தான் வேண்டும்.

மற்ற பாடங்களை அவள் சமாளித்துவிடுவாள். இங்கிலீஷ்தான் காலை வாரும். அதற்காகத்தான் இந்த ஆன்லைன் வகுப்பு.

இன்றைக்கு அனாலஜி. டாக்டர் என்றால் ஸ்டெதஸ்கோப், தையல்காரர் என்றால் ஊசி என்று ஆளுக்கும் கருவிக்கும் ஜோடி சேர்க்க வேண்டும். புத்தகத்தில் இருந்தவற்றை முடித்துவிட்டு மிஸ் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அவரவர் அப்பாவின் தொழிலை வைத்து ஒரு ஜோடி சொல்லுங்கள் என்றார்.

ஆர்க்கிடெக்ட், புளூபிரிண்ட். சர்ஜன், ஸ்கால்பெல். வகுப்பில் இருந்த கோவைப் பிள்ளைகள் வெளுத்து வாங்கினார்கள். ஒருத்தன் மட்டும் டிரைவர், ஸ்டீயரிங் என்றான். மைக்கை அணைக்க மறந்த யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புதான் யமுனாவைக் கெடுத்தது.

விவசாயிக்கும் ஏணிக்கும் இங்கிலீஷ் வார்த்தை மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். அவளுக்கும் தெரியும். முகமெல்லாம் சூடேற, பெயர் கூப்பிட்டதும் அவள் வேறொன்றைச் சொன்னாள்.

"மை ஃபாதர் இஸ் நோ மோர், மேம்."

இத்தனை நாளும் தட்டுத் தடுமாறிய இங்கிலீஷ், இதற்கு மட்டும் ஒரு பிசிறில்லாமல் வந்தது. அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்தத் தைரியம்.

ஆனால் மைதிலி மிஸ்ஸுக்கு மனசு இளகினால் தமிழ்தான் வரும்.

"ஐயோ, அப்பா இல்லையா கண்ணு உனக்கு? எப்பம்மா செத்துப்போனாரு? தெரியாமக் கேட்டுப்போட்டனே!"

ஸ்பீக்கரில் தோட்டம் முழுக்கக் கேட்டது.

மேலே மிளகுக் கொடி அசைகிற சத்தம் நின்றது.

யமுனாவுக்கு உடம்பே கூசியது. பொய் சொல்லிவிட்டேன் மிஸ் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. சிரித்தவர்கள் முன்னால் அதைச் சொல்ல வேண்டுமே என்று நினைத்ததும் உள்ளே போய்விட்டது. சீ, நானெல்லாம் ஒரு மகளா என்று தன்னையே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

மிஸ் அதோடு விடவில்லை. யமுனாவின் அப்பாவுக்காக எல்லோரும் ஒரு நிமிடம் மௌனமாக இருப்போம் என்றார்.

திரையில் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் தலைகள் குனிந்தன. உயிரோடு இருக்கிற மனிதருக்கு, அவர் தருகிற சிக்னலிலேயே மௌன அஞ்சலி. சிரித்த ஆளும் இப்போது குனிந்துதான் இருக்க வேண்டும்.

யமுனாவும் குனிந்தாள். நிமிர்ந்தால் அப்பாவின் கால்கள் தெரியும். அந்தக் கால்களைப் பார்க்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று தோன்றியது.

அந்த நேரம் பார்த்து மேலிருந்து இருமல் ஒன்று வெடித்தது. அடக்கி அடக்கிப் பார்த்தும் முடியாமல் போன இருமல்.

"யாரோ ஆம்பள சத்தமாட்ட இருக்குதே. யாரும்மா அங்க?" என்றார் மிஸ்.

யமுனா வாயைத் திறந்தாள். இந்த முறை சொல்லிவிடத்தான் நினைத்தாள்.

அதற்குள் மரத்தின் மேலிருந்து பதில் வந்துவிட்டது.

"நானுங்களா? மொளகு பறிக்க வந்த கூலிக்காரனுங்க, டீச்சர்."

"அப்பிடீங்களா. அப்பன் இல்லாத புள்ளைங்க. பக்கத்துல இருக்கற நீங்கதான் கொஞ்சம் பாத்துக்கோணும்."

மேலே கொடி மறுபடியும் அசையத் தொடங்கியது.

"பாத்துக்கறனுங்க" என்றார் செங்கோடன்.